கல்லைக் காப்பாற்றியவன்

என் மனைவியின் வலது பாதத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கொதிக்கும் எண்ணெய் கொட்டியதால் வந்தது. "அவளுக்குக் கை தவறிவிட்டது" என்று உறவினர்களிடம் சொல்லியிருக்கிறேன். மருத்துவரிடமும் அதையே சொன்னேன். அது பொய். அந்த எண்ணெய் கொட்டியதற்குக் காரணம் நான்.

சூடான பாத்திரத்தை எதன் மேல் இறக்கி வைப்பது என்பது சின்ன விஷயம். அதில்கூட ஒருவனால் எவ்வளவு கர்வமும் எவ்வளவு கோழைத்தனமும் காட்ட முடியும் என்பதற்கு நானே சாட்சி. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

மதுரையில் நாங்கள் வெகுகாலம் குடியிருந்த வாடகை வீட்டில் சமையல் மேடை கடப்பா கல். ஓரங்கள் உடைந்து கிடக்கும். எதை வேண்டுமானாலும் அதன் மேல் இறக்கலாம். இருந்தும் என் மனைவி சட்டியை வெறும் கல்லில் வைக்கமாட்டாள். அவளிடம் பிரிமனைகள் இருந்தன. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவள் அம்மா வைக்கோற்புரி முறுக்கிச் செய்து கொடுத்தவை. தேங்காய் நாரில் செய்தவையும் இருந்தன. நடுவில் ஓட்டை, சுற்றிலும் தடித்த வளையம். உருண்டை அடிச் சட்டியை வைத்தால் அடி அந்த ஓட்டைக்குள் இறங்கிக்கொள்ளும். சட்டி அசையாது. புரிக்குள் காற்று அடைந்து கிடப்பதால் சூடு கீழே எளிதில் இறங்காது. கரி படிந்து, எண்ணெய் ஊறி, பார்க்க அசிங்கமாக இருக்கும். என் கண்ணுக்குப் பட்டது அந்த அசிங்கம் மட்டும்தான்.

கடன் வாங்கி வீடு கட்டினேன். சமையல் மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் போடுவது என்று முடிவு செய்தேன். "கறுப்பு கிரானைட் போதுங்க. இது கறை பிடிக்கும்" என்றாள். கடைக்காரர் முன்னாலேயே, "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. சுவிட்சிலிருந்து அலமாரிக் கைப்பிடிவரை எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுத்தேன். நான் சமைத்தவன் இல்லை. அடுப்பில் வெந்நீர் வைத்ததோடு சரி. அப்படிப்பட்டவன் ஒரு சமையலறையை முடிவு செய்யலாமா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை.

குவார்ட்ஸ் என்று கடைகளில் விற்பது மலையில் அறுத்தெடுத்த கல் அல்ல. சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மீதி பெரும்பாலும் பிசின். இரண்டையும் கலந்து அழுத்திச் செய்த பலகை. துகள் சூட்டைத் தாங்கும். பிசின் தாங்காது. 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே மஞ்சளாகலாம், விரிசல் விடலாம். வடை பொரிக்கும் எண்ணெய் 180 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல் 200 டிகிரியைத் தாண்டும். தினமும் சட்டி இறங்கும் வீட்டுக்கு அந்தக் கல் பொருந்தாது. கடையில் கொடுத்த தாளில் எச்சரிக்கை இருந்தது. படித்தேன். படித்த பிறகும் வாங்கினேன். வீடு பார்க்க வருகிறவர்கள் மெச்ச வேண்டும். அதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் சாமான்களைக் கட்டும்போது பிரிமனைகள் கையில் அகப்பட்டன. "எங்கம்மா முறுக்குனதுங்க" என்றாள். "புது வீட்டுக்கு வைக்கோலா?" என்று கேட்டுவிட்டுக் குப்பை வண்டியில் போட்டேன். அவள் அம்மா அப்போது உயிரோடு இல்லை. இனி ஒன்று முறுக்கித் தர ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

அவற்றுக்குப் பதில் நான் வாங்கியவை ஸ்டீல் ஸ்டாண்டுகள். தாமரைப் பூ வடிவில் வெட்டிய தட்டையான தகடு, நான்கு குட்டைக் கால்கள், கால்களின் அடியில் ரப்பர் மூடிகள். எங்கள் வீட்டுச் சட்டி எதையும் அதன் மேல் வைத்துப் பார்க்காமல் வாங்கினேன். எங்கள் வீட்டு இருப்புச் சட்டிக்கு உருண்டை அடி. தட்டையான தகட்டில் அது ஆடும். தகடு சட்டியைவிடச் சிறியது. நான்கு கால் என்றால் ஒன்று சற்றுக் குட்டையாக இருந்தாலும் முழுவதும் தடதடக்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் படிந்து நிற்கும். மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டியவர்கள் அறிந்ததை நான் அறியவில்லை. நாளடைவில் ரப்பர் மூடிகள் கழன்று விழுந்தன. வெறும் உலோகக் கால் பாலிஷ் கல்லில் வழுக்கியது. "நழுவுதுங்க" என்று அவள் சொன்னாள். "பார்த்து வை" என்றேன். அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஸ்டாண்டுகளை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க நான் விடவில்லை. மேடையின் கடைசி முனையில், சுவரோடு சாய்த்து, அழகுக்காக நிறுத்தியிருந்தேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் மடித்த செய்தித்தாளும் பழைய துணியும் போட்டுச் சட்டியை இறக்குவாள். நான் அவற்றை எடுத்துவிடுவேன். கல்லில் ஏதாவது கறை தெரிந்தால் அவளைக் கூப்பிட்டு விரலால் காட்டுவேன். அவள் துடைக்கும்வரை நிற்பேன். சொந்த வீட்டில், தன் அடுப்படியில், அவள் பயந்து பயந்து சமைத்தாள். அதற்கு நான் ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்று அமாவாசை. வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மற்ற அடுப்புகளில் சோறும் சாம்பாரும். நான் கூடத்தில் உட்கார்ந்து காபி கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க" என்றாள். இரண்டாவது முறையும் கேட்டேன். பால் காய்ச்ச அடுப்பு வேண்டும். எண்ணெய்ச் சட்டியை இரண்டு கரித்துணியால் பிடித்துத் தூக்கினாள். வைக்க இடம் தேடினாள். வழக்கமாக அவள் போடும் செய்தித்தாளை அன்று காலையில்தான் நான் எடுத்து எறிந்திருந்தேன்.

"என்னங்க, இதை எங்கங்க வைக்க?" என்று கேட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சட்டியின் கரி பிடித்த அடி தெரிந்தது. அதன் கீழே வெள்ளைக் கல் தெரிந்தது. என் கண் அந்த இரண்டின் மேல்தான் இருந்தது. அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் அது மனதில் ஏறவில்லை. எழுந்து போய் எதையாவது எடுத்துப் போட்டிருக்கலாம். "அப்படியே வை, கல்லு போனாப் போகுது" என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தியது இது:

"கல்லு மேல வச்சிடாத!"

அவள் அப்போது சட்டியை ஏறக்குறைய இறக்கிவிட்டிருந்தாள். என் சத்தத்தில் மறுபடி தூக்கினாள். மேடையின் கடைசி முனைக்கு நடந்தாள். ஸ்டாண்டைப் படுக்கவைக்க அவளுக்குக் கை இல்லை. முழங்கையால் தட்டி விழவைத்தாள். அது ஓரமாக விழுந்தது. சட்டியை அதன் மேல் வைத்தாள். உருண்டை அடி ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்டாண்டு வழுக்கியது. எண்ணெய் மேடையில் ஓடி, விளிம்பில் இறங்கி, அவள் வலது பாதத்தில் கொட்டியது.

ஓடினேன். ஓடி நான் முதலில் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு துணியை எடுத்துக் கல்லைத் துடைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அலறவில்லை. நான் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். எங்கள் கண்கள் சந்தித்த பிறகுதான் துணியைப் போட்டேன்.

பிறகு செய்ததும் தப்பு. ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துப் புண் மேல் வைத்தேன். மருத்துவர் என்னைத் திட்டினார். தீப்பட்ட இடத்தைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வைத்தால் வெந்த தோல் இன்னும் கெடும். மோதிரம், மெட்டி எதுவானாலும் வீக்கம் வருவதற்கு முன்பே கழற்ற வேண்டும். எண்ணெய் தண்ணீரைவிட அதிகச் சூட்டுக்கு ஏறும், தோலோடு ஒட்டியும் நிற்கும், அதனால் ஆழமாகச் சுடும். எனக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவள் விரல் வீங்கிவிட்டது. மெட்டியைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். அம்மி மிதித்தபோது நான் போட்டுவிட்ட மெட்டி.

"எப்படி ஆச்சு?" என்று மருத்துவர் கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன். "கை தவறிடுச்சு டாக்டர்." அவள் என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை. மைத்துனரிடமும் அதையே சொன்னேன். வெளியூரில் இருக்கும் மகளிடம் ஒரு படி மேலே போய், "உங்கம்மாவுக்கு எப்பவும் அவசரம்" என்றேன். மகள் அம்மாவைத் திட்டினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கால்கட்டோடு படுத்திருந்தவள், "இனிமே பார்த்துக்கிறேன்மா" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் முன்னால் சிறுமைப்பட்டுவிடுவேன் என்ற பயம்தான்.

புண் ஆறியது. அவள் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனது. இன்றும் வெயில் காலத்தில் செருப்பு வார் பட்டால் எரிகிறது என்கிறாள். வடை, அப்பளம் எதையும் அவள் பொரிப்பதில்லை. அவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு தம்ளரைக் கீழே வைக்கும்போதுகூட, "இங்க வைக்கலாமா?" என்று என்னைக் கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கம் எண்ணெயால் வந்ததல்ல. என்னால் வந்தது.

அவள் படுத்திருந்த நாள்களில் நான் சமைத்தேன். கரித்துணி வழியாகச் சூடு விரலுக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது அப்போதுதான் தெரிந்தது. துணி ஈரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். கையில் சூடான பாத்திரத்தோடு நிற்பவருக்கு யோசிக்க நேரம் கிடையாது. ஒரு நாள் தோசைக்கல்லின் சூடு தாங்காமல் வெள்ளைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டேன். மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. அது போகாது. அவள் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தாள். "கை சுட்டுருச்சா?" என்று கேட்டாள். அன்று எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது.

இன்று எங்கள் வீட்டில் இருப்பவற்றை அவள் தேர்ந்தெடுத்தாள். நான் பை தூக்கிக்கொண்டு உடன் போனேன். இருப்புச் சட்டிக்குத் தேங்காய் நார்ப் பிரிமனை. வளையத்தின் ஓட்டைக்குச் சட்டியின் அடி பொருந்துகிறதா என்று சட்டியைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். தட்டையான குக்கருக்கும் தோசைக்கல்லுக்கும் கனத்த மரப்பலகை, பாத்திரத்தின் அடியைவிட அகலமானது. சாப்பாட்டு மேசைக்குத் தடித்த சிலிக்கான் விரிப்பு. நல்ல சிலிக்கான் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், வழுக்காது. மெல்லியதை அவள் ஒதுக்கினாள். அது உருகாவிட்டாலும் சூட்டைக் கீழே விட்டுவிடும். ஸ்டீல் ஸ்டாண்டே கூடாது என்று அவள் சொல்லவில்லை. உயரமான மூன்று கால், கழலாத ரப்பர், நடுவில் பள்ளம் இருந்தால் வாங்கலாம் என்றாள். எல்லாம் அடுப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில், எப்போதும் படுத்த நிலையில் இருக்கின்றன. இவ்வளவும் அவளுக்கு முன்பே தெரியும். நான் கேட்டதில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மகளிடமும் மைத்துனரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மகள் சில நாள்கள் என்னோடு பேசவில்லை. அது நியாயம். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க" என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டு அடுப்படியில் கல்லோ ஸ்டாண்டோ எது வாங்கினாலும், அங்கே நின்று சமைப்பவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சொன்னதை வாங்குங்கள். கொதிக்கும் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது "எங்கே வைக்க?" என்று கேட்டால், "எங்கே வேண்டுமானாலும் வை" என்று சொல்லுங்கள். கல்லைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.