துணைக்கு வந்தவர்

பொது மருத்துவரிடம் வருகிறவர்கள் இரு வகையினர். ஒருவர் நோயாளி, மற்றவர் அவருக்குத் துணையாக வந்தவர். நோயாளி நாற்காலியில் அமர்ந்து தம் குறையைச் சொல்கிறார். துணைக்கு வந்தவரோ கையில் பையும் பழைய மருந்துச் சீட்டுமாக ஓரத்தில் நிற்கிறார். சிற்றூர் ஒன்றில் நெடுங்காலம் மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, கவனிக்கப்பட வேண்டியவர் பல வேளைகளில் அந்த இரண்டாமவரே என்பது அனுபவம் தந்த பாடம்.

வலிக்கும் நோய் மருத்துவரைத் தேடி வரும். வலிக்காத நோயை மருத்துவர்தான் தேட வேண்டும். உயர் இரத்த அழுத்தம் அத்தகையது. தலைவலியும் கிறுகிறுப்பும் அதன் அடையாளங்கள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பாலோர்க்கு அது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஓசையின்றி இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் பழுதாக்குகிறது. கையில் காற்றுப்பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் முறையை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி தந்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்து நாடியோசையைக் கேட்கும் வழியை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் காட்டினார். நூறாண்டுகள் கடந்த பின்னும், அளந்து பார்த்தாலன்றி இந்நோயை அறிய வழியில்லை.

முழங்கால் வலியோடு ஒரு முதிய தாய் வந்தார். அழைத்து வந்தவர் மகன். 42 வயது லாரி ஓட்டுநர். தாய்க்கு மருந்து எழுதியபின், "தம்பி, நீங்களும் உட்காருங்கள்" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லையே டாக்டர்" என்று சிரித்தார். ஐந்து நிமிடம் பேச்சின்றி அமரச் செய்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளந்தேன். 172/108. ஒருநாள் அளவை மட்டும் கொண்டு முடிவுகட்டுவது முறையன்று. அச்சமும், சற்று முன் அருந்திய காப்பியும், அடக்கிய சிறுநீரும்கூட அளவை உயர்த்தக்கூடும். மறுவாரம் மீண்டும் அளந்தேன். அப்போதும் 140/90 என்னும் எல்லைக்கு வெகு மேலேதான் இருந்தது. சர்க்கரையும் சிறுநீரும் சோதித்து, மாத்திரை தொடங்கினோம். மூன்று மாதத்தில் 130/84-க்கு இறங்கியது. அதன்பின் அவர் வரவில்லை.

ஓராண்டு கழித்து, மகளின் தோளைப் பற்றிக்கொண்டு அந்தத் தாய் வந்தார். மகனுக்குப் பக்கவாதம், வலக்கை விழுந்துவிட்டதாம். "நல்லாயிட்டேன்னு மாத்திரைய விட்டுட்டான் ஐயா" என்று கண்கலங்கினார்.

அம்மகனைக் குறைகூறுவது எளிது. ஆனால் எண்ணிப் பாருங்கள். காய்ச்சலுக்கு மூன்று நாள், புண்ணுக்கு ஐந்து நாள் என்று மருந்துண்டு பழகியவரிடம், உடல் நலமாக இருக்கும்போதே நாள்தோறும் மாத்திரை உண்ணுமாறு சொல்கிறோம். அழுத்தம் இறங்கியது நோய் நீங்கியதாலன்று. மாத்திரை அதைப் பிடித்து வைத்திருப்பதால். குடையின்கீழ் நனையவில்லை என்பதற்காக, மழை நின்றுவிட்டதென்று குடையை மடக்குவோமா?

வேறு சிலர் பக்க விளைவுக்கு அஞ்சி நிறுத்துகின்றனர். அம்லோடிபின் சிலருக்குக் கால்வீக்கம் தரும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். இவற்றுக்கு மாற்று மருந்துகள் உண்டு. தாமாக நிறுத்துவதைவிட மருத்துவரிடம் சொல்வதே நலம். கூலியை இழந்து மருந்துக்காக வரிசையில் நிற்க இயலாதோரும் உளர். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்க முற்பட்டது இதனால்தான். ஆயினும் வாசலுக்கு வந்த மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டியவர் நாமே. உப்பையும் குறைக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் அனைத்திலும் உள்ளதையும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஒரு குடும்பத்தைத் தாங்கி நிற்பவர் பெரும்பாலும் துணைக்கு வருபவராகவே இருக்கிறார். எல்லோரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் அவரை அழைத்து வர ஒருவரும் இல்லை. அவர் சாய்ந்தால் வீடே சாய்ந்துவிடும். ஆகவே, அடுத்த முறை பெற்றோருக்கோ பிள்ளைக்கோ துணையாகச் செல்லும்போது, ஓரத்தில் நிற்க வேண்டாம். உங்கள் கையையும் ஒருமுறை நீட்டுங்கள்.