மூன்று நிமிடத் தாமதம்

நாம் ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எளிய குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அத்தகைய நம்மிடம் நாகபுரித் தமிழன்பர்கள் சென்ற பொங்கல் விழாவில் ஒரு பெரும் பொறுப்பை ஒப்படைத்தனர். பிள்ளைகளின் கைப்பேசி விளையாட்டுப் போட்டியை, ஊரிலுள்ள தாத்தா பாட்டிமார் காணும்படி இணையத்தில் நேரலையாக அனுப்ப வேண்டுமாம். கோலப் போட்டிக்கு அரிசிமாவு வாங்கி வரச் சொல்லியிருந்தால் மகிழ்வோடு செய்திருப்போம்!

கையிலிருந்தவை ஒரு பழைய மடிக்கணினியும் மண்டபத்தின் இணைய இணைப்புமே. ஓபிஎஸ் என்னும் ஒளிபரப்பு மென்பொருள் விலையின்றிக் கிடைத்தது. ஆடுவோர் இருவரின் கைப்பேசித் திரைகளையும் கம்பி வழியே மடிக்கணினிக்குக் கொணர்ந்தோம். முகங்களைக் காட்ட மூன்றாவது கைப்பேசியைப் பஜனை மைக்கின் தாங்கியில் ரப்பர் வளையங்களால் கட்டினோம். அது சூடேறி அணைந்துவிடவே, மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பினோம்.

ஒத்திகையில் படம் நின்று நின்று ஓடிற்று. அப்போதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. ரயில் பாதையில் அப் லைன், டவுன் லைன் இருப்பதுபோல் இணையத்திலும் உண்டு. நாம் படம் பார்ப்பது வரும் பாதையில். நேரலை செல்வதோ போகும் பாதையில். எங்கள் இணைப்பில் போகும் பாதை மிகக் குறுகல். பாதை குறுகல் எனில் பாரத்தைக் குறைப்பதே முறை. 1920க்கு 1080 என்ற அளவில் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். 1280க்கு 720 என்றால் 9,21,600 மட்டுமே. அவ்வாறே மாற்றினோம். மண்டபத்துக்கு வந்தோரின் கைப்பேசிகளையும் அவ்விணைப்பிலிருந்து விலக்கினோம். வண்டி தடையின்றி ஓடிற்று.

இறுதி ஆட்டத்தில்தான் விபரீதம் நேர்ந்தது. அது போர்க்கள ஆட்டம். எதிராளி பதுங்குமிடம் தெரியாதிருப்பதே அதன் உயிர். ஆனால் ஒரு சிறுவன் எங்கே ஒளிந்தாலும் மற்றவன் நேரே அங்கு வந்து நின்றான். விசாரித்ததில், வாசலில் நின்ற தோழன் ஒருவன் நம் நேரலையைப் பார்த்து, ஆடுபவன் காதில் மாட்டியிருந்த கருவி வழியே இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது. பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வாழும் குடும்பங்கள். தாய்மார் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமா? திரையைத் திறந்து வைத்தவர் நாமன்றோ!

தோற்ற சிறுவன் நம்மிடம் வந்து, "மாமா, அவனை நீக்காதீங்க. மறுபடியும் ஆடறேன்" என்றான். பெரிய போட்டிகளில் ஒளிபரப்பைத் தாமதித்து அனுப்பும் வழக்கமுண்டு. ஓபிஎஸ்ஸிலும் அதற்கு வசதியிருந்தது. 180 விநாடித் தாமதம் வைத்து ஒளிபரப்பை மீண்டும் தொடங்கினோம்.

இம்முறையும் அவனே தோற்றான். ஆயினும் முதலில் கைகொடுத்தவனும் அவனே. வென்றவன் தலைகுனிந்து நின்றான். துணையில்லாமலே வெல்லும் திறம் தனக்கிருந்ததை அப்போதுதான் அறிந்தான் போலும். தாய்மார் இருவரும் பொங்கலை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர்.

தோற்றவனின் தாயார் முடிவைச் சொல்லக் கோவில்பட்டிக்குத் தொலைபேசியில் பேசினார். பாட்டியம்மாள் இடைமறித்து, "சொல்லிடாதேம்மா! இங்கே என் பேரன் இன்னும் தோற்கலையே!" என்றாராம்.

பிற ஊர்ச் சங்கத்தார்க்கு நாம் கூறுவது இதுவே: படம் சற்றே மங்கலாகச் செல்லட்டும், செய்தி மூன்று நிமிடம் பிந்தியே போய்ச் சேரட்டும். ஆடும் பிள்ளைகளுக்குக் களம் மட்டும் நேர்மையாக இருக்கட்டும்.