அப்பா தட்டிப் பார்த்த டிஸ்க்

ரேஸ் கார் என்றதும் எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிரேக்கைப் பற்றி இதுவரை கேட்ட ஒரே ஆள் என் அம்மா. அதுவும் ஒரே வார்த்தை: "நிக்குமா?"

நிற்கும். தொடர்ந்து எத்தனை தடவை நிற்கும் என்பதுதான் சிக்கல்.

என்னுடையது பழைய மாருதி எஸ்டீம். பின் சீட், ஏசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரோல் கேஜ் மாட்டியிருக்கிறேன். நானும் உட்கார்ந்தால் ஒரு டன்னுக்குப் பக்கம் வரும். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. என் ஓட்டமெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, திருப்பத்துக்காக 60க்கு இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நொடி வேலை. அந்த மூன்று நொடியில் வெளியேறும் சூடு இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பள்ளிக்கூட பிசிக்ஸ் கணக்குதான், போட்டுப் பாருங்கள். அதில் முக்கால்வாசியை முன் சக்கர டிஸ்க் இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. ஒரு டிஸ்க் நாலு கிலோ என்றால் ஒரே மிதியில் நூறு டிகிரிக்கு மேல் ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

போன சீசனில் ஒருநாள் ஐந்தாவது லேப்பிலேயே பெடல் கல் மாதிரி ஆனது. மிதிக்கிறேன், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கியரை இறக்கி, மண்ணில் இறங்கித்தான் நின்றேன். பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடு தோற்றுவிட்டது. பெடல் பொதபொதவென்று தரைவரை போனால் உள்ளே பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சியபிறகு அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். கேனைத் திறந்துவைத்து மிச்சம்பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

எனக்கு நடந்தது முதல் வகை. அன்று ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும், டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலேயே கேட்டார், "ஷெல் கோர் வாசம் அடிக்குது. எங்கே போயிட்டு வந்தே?"

அப்பா கணபதியில் ஒரு பவுண்டரியில் முப்பத்தொரு வருஷம் கோர் ஷாப்பில் இருந்தவர். நான் ரேஸுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அந்தக் காரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று வருஷம். காரை மூடியிருக்கும் தார்ப்பாய் காற்றில் விலகினால் இழுத்து மூடுவார், அவ்வளவுதான்.

அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. கோர் மணலை ஒட்டவைப்பதும் பினாலிக் ரெசின்தான், பிரேக் பேடில் தூளையும் நாரையும் பிடித்துவைப்பதும் அதே குடும்பத்து ரெசின்தான். சூடு எல்லை தாண்டினால் ரெசின் கருகி வாயுவாகக் கிளம்பும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அந்த வாயு புகுந்துகொண்டால் பிடி போய்விடும். இதைச் சொன்னதும் டிவியை அணைத்தார். "டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டா."

நான் அப்போது ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பார்க்க அத்தனை அழகு, விலை என் சம்பளத்தில் பாதி. மெக்கானிக் அண்ணன் முதலிலேயே தடுத்திருந்தார்: "ஓட்டைதான் தம்பி வெடிப்புக்கு வாசல்." அப்பாவும் படத்தைப் பார்த்துவிட்டு, "சூட்டை வாங்கறதே இரும்போட எடைதான். அதைச் சுரண்டி எடுத்துட்டு காசும் கேக்கறானா?" என்றார். கோடு கீறிய டிஸ்க் பரவாயில்லை, பேடின் மேல் படியும் கண்ணாடிப் பூச்சைச் சுரண்டிவிடும். ஆனால் பேடும் சீக்கிரம் தேயும். என்னைப்போல மாதச் சம்பளத்தில் ஓட்டுகிறவனுக்கு அது கட்டாது.

"அப்ப பலமான இரும்பா, எஸ்.ஜி. அயன்ல கிடைச்சா?"

"எஸ்.ஜி. பலம் ஜாஸ்திதான் கண்ணு. ஆனா சூட்டை வேகமா கடத்தாது. கிரே அயன்ல கிராபைட் செதில் செதிலா கிடக்கும், அது வழியா சூடு ஓடிரும். எஸ்.ஜி.ல அது உருண்டை உருண்டையா தனித்தனியா நிக்கும். உனக்கு உடையாத இரும்பு வேணுமா, சூட்டை விடற இரும்பு வேணுமா?"

நீடித்து உழைப்பது என்றால் கெட்டியாக இருப்பது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உதிரிபாகக் கடைக்கு அவரே வந்தார். சாதாரண டிஸ்க், நடுவில் காற்று போக வழி உள்ளது, ஆறை எடுத்து வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் விரலில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினார். கிரே அயன் மந்தமாக ஒலித்து அடங்கிவிடும், எஸ்.ஜி. மணி மாதிரி இழுக்கும், வெடிப்பு இருந்தால் கரகரக்கும். பிறகு ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இரண்டை ஒதுக்கினார். "கோர் நகந்திருக்கு. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. சூடானா ஒருமாதிரி விரியாது." கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

பேடு விஷயத்தில் அப்பா தலையிடவில்லை. அசல் ரேஸ் பேடு ஆறியிருக்கும்போது பிடிக்காது, டிஸ்க்கையும் அரித்துத் தின்னும். அதனால் தெருவுக்கும் அதற்கும் நடுவாந்தரமாக, டிராக் நாட்களுக்கென்று விற்கும் பேடு வாங்கினேன். முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று வர ஒரு ஹோஸ். புது டாட் 4. போட்டதும், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பத்துப் பன்னிரண்டு தடவை பிரேக் பிடித்து, முழுக்க நிற்காமல் ஓட்டி ஆறவிட்டேன். பேடின் பூச்சு டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். சூட்டோடு நின்று பெடலை மிதித்தபடியே இருந்தால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று ஆட்கள் சொல்வது பல நேரம் இந்தத் திட்டுதான்.

பன்னிரண்டு லேப் தாண்டியும் பெடல் மாறவில்லை. மூன்று மாதத்தில் டிஸ்க்கின் முகத்தில் தலைமுடி மாதிரி வெடிப்புகள் வந்தன. அவை ஓரத்தைத் தொடாதவரை ஓட்டலாம் என்பது எங்கள் ஷெட் கணக்கு. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் எழுதியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது இப்போது அப்பாவின் வேலை. டிராக்குக்கு இன்னும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

முதல் ஜோடி போன மாதம் அளவுக்குக் கீழே போனது. எடைக்குப் போட எடுத்துவைத்தேன். "பவுண்டரியில குடு," என்றார். "நல்ல ஸ்கிராப், உருக்கிப் போட்டா திரும்ப கிரே அயன்தான்." டிவிஎஸ் 50யின் முன்னால் கோணிப்பையில் வைத்து அவரே எடுத்துப் போனார்.