ஏறிய தண்ணீர் இறங்க வேண்டும்

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் எதற்காகப் போவார்கள்? குளிரை அனுபவிக்கப் போவார்கள். தேயிலைச் சரிவில் நின்று படம் பிடித்துக்கொள்ளப் போவார்கள். சோளமும் ஸ்ட்ராபெரியும் வாங்கிவரப் போவார்கள். நானும் என் தாயாரும் சென்ற பள்ளி விடுமுறையில் செத்துப்போன ஒரு செடியை எடுத்துக்கொண்டு போனோம். ஈரத்துணியில் சுற்றிய சாவிக் கீரைச் செடி அது. இலை துவண்டு, வேர் பழுப்பேறி, நாற்றமெடுத்திருந்தது. சிரிக்காதீர்கள். வைத்தியரிடம் போகிறவன் நோயாளியையும் உடன் அழைத்துக்கொண்டுதானே போகவேண்டும்?

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லயத்து வீட்டின் பின்புறம் அவருக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தது. கங்கோங், கத்தரி, பாகற்கொடி, வேலியோரம் ஒரு முருங்கை. 'அவள் கை பட்டால் குச்சியும் துளிர்க்கும்' என்று லயத்தில் பேர் வாங்கியவர். பின்னர் தோட்டம் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதியாக மாறியது. அப்பாவும் காலமானார். அம்மா கிள்ளானில் எங்கள் நான்காவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கே மண் ஏது? ஆறடிப் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதைப் பொறுக்காமல்தான் என் மகன் போன வருடம் ஒரு நீர்ப்பயிர்ச் சாதனத்தை வாங்கி வந்தான். மண்ணே தேவையில்லை. மேலே ஒரு தட்டு, அது நிறையக் களிமண் உருண்டைகள், அவற்றில் செடி. கீழே ஒரு தொட்டி, அதில் உரம் கரைத்த தண்ணீர். தொட்டிக்குள் இருக்கும் சிறு பம்பு, டைமர் சொன்ன நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றும். கால் மணி நேரம் கழித்துப் பம்பு நிற்கும். தண்ணீர் வந்த குழாய் வழியாகவே திரும்பத் தொட்டிக்கு இறங்கிவிடும். கடல் ஏறி வற்றுகிற மாதிரி.

முதல் இரண்டு மாதம் அமோகம்! அம்மா காலையில் எழுந்ததும் பால்கனிக்குத்தான் போவார். பிறகு ஒவ்வொரு செடியாக வாடத் தொடங்கியது. தட்டில் ஈரம் இருக்கிறது, ஆனால் நண்பகலில் இலை துவள்கிறது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி டைமரைக் கூட்டி வைத்தோம். இன்னும் மோசமானது. உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கூட்டினோம். இலை ஓரம் கருகியது. ஒருநாள் தட்டு நிரம்பி வழிந்து, கீழ்வீட்டு மாக்சீயின் துணிகளெல்லாம் நனைந்து, அவர் மேலே வந்து நின்றார். அன்றிரவு அம்மா சொன்னது என்னை உலுக்கிவிட்டது. "விட்டுடு ஐயா. எடுத்துக் குப்பையிலே போட்டுடு. என் கைராசி தோட்டத்தோட போயிருச்சு."

சாதனம் போனால் போகட்டும். அம்மா அப்படி நினைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்புவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேமரன் மலையில் ஒரு காய்கறிப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் பெரியம்மா மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். "செடியைப் பிடுங்கி எடுத்துக்கிட்டு வாங்கண்ணே. சின்னம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றான்.

மலைப்பாதையில்

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. லத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியருகே காரை நிறுத்திக் கால் நீட்டிக்கொண்டோம். வழியோரக் குடில்களில் பூர்வகுடி மக்கள் பெத்தாயும் தேனும் மூங்கிற்குருத்தும் விற்கிறார்கள். அம்மா ஒரு கட்டு பெத்தாய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ரிங்லெட்டைத் தாண்டியதும் கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னார். காற்று மாறிவிட்டது.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து கண்டதால் இம்மலைக்கு அவர் பெயர் அமைந்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அந்தச் சரிவுகளில் நம் மக்கள் சிந்திய வியர்வையைச் சொல்ல இந்த ஒரு கட்டுரை போதாது. அதே 1929இல்தான் அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கெரிக் என்ற அறிஞர், மண்ணில்லாமல் உரநீரில் பயிர் வளர்க்கலாம் என்று எழுதினார். அதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அவர் வழங்கியது 1937இல். சரளைக்கல் படுகையில் தண்ணீரை ஏற்றி இறக்கும் முறையும் அந்த 1930களிலேயே அமெரிக்காவில் கையாளப்பட்டது. போர் முடிந்தபின், 1946இல், ஜப்பானின் சோபு நகரில் அமெரிக்கப் படையினருக்கான காய்கறிகளை இப்படிப்பட்ட சரளைப் படுகைகளில் பெருமளவில் வளர்த்தார்கள். எங்கள் பால்கனிச் சாதனம் அந்தப் பெரிய படுகையின் பேரப்பிள்ளை!

பிரிஞ்சாங்கைக் கடந்தால் மலைச்சரிவெல்லாம் நெகிழிக் கூரைகள். தம்பியின் பண்ணையில் நாற்றுகளுக்கு மட்டும் ஏற்ற இறக்க முறை. நீளமான மேசைத் தட்டுகளில் தண்ணீர் சத்தமின்றி ஏறியது. சிறிது நேரத்தில் சத்தமின்றி வடிந்தது. தம்பி ஒரு நாற்றைத் தூக்கிக் காட்டினான். வேர் பாற்பல் போல வெள்ளை வெளேரென்றிருந்தது. பிறகு எங்கள் செடியை முகர்ந்து பார்த்தான். முகம் சுளித்தான்.

"சின்னம்மா, இது தண்ணியில்லாம சாகல. மூச்சில்லாம செத்திருக்கு" என்றான்.

வேருக்கும் மூச்சு

அவன் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. தண்ணீர் ஏறும்போது உருண்டைகளுக்கு இடையிலுள்ள பழைய காற்று வெளியே தள்ளப்படுகிறது. இறங்கும்போது புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக, தண்ணீர் இறங்குவதும் வேலைதான். முழுதும் இறங்காமல் தட்டின் அடியில் இரண்டு விரற்கடை தேங்கினாலும் அங்கே இருக்கும் வேர் மூச்சுத் திணறுகிறது. அழுகல் நோய்க்கு அதுதான் வாசல். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. தட்டில் தண்ணீர் இருந்தும் இலை வாடியது அதனால்தான். நாங்களோ தண்ணீரை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டிருந்தோம்!

இன்னொன்றும் சொன்னான். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். இங்கே தொட்டித் தண்ணீர் இயல்பாகவே குளிர்ந்திருக்கிறது. கிள்ளான் பால்கனியில் வெயில் பட்ட தொட்டியோ 30 பாகையைத் தாண்டும். 20 பாகையில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்க்காற்று கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைகிறது. சூடு கூடக் கூட வேருக்கு மூச்சுத் தேவை அதிகரிக்கிறது, கிடைப்பதோ குறைகிறது. அழுகல் கிருமிக்கும் அந்தச் சூடுதான் கொண்டாட்டம்.

இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வாயைத் திறந்தார். "நம்ம தோட்டத்துக் கடலோரத்திலே ஆப்பி-ஆப்பி மரம் நிக்குமே, சேத்துக்குள்ளேருந்து விரல் விரலா வேரை மேலே நீட்டிக்கிட்டு. தண்ணி வத்துனப்புறம் அது மூச்சு விடுதுன்னு எங்க அப்பா சொல்வாரு. அது மாதிரியா?"

தம்பி அப்படியே நின்றான். "அதேதான் சின்னம்மா! அந்த மரத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. உங்க கீரைக்கு அது கிடையாது. அதுக்காக நாமதான் தண்ணியை வத்த வைக்கணும்." திரும்பும்போது மலைப்பாதை முழுவதும் அம்மாதான் பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டில் செய்த சோதனை

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சாதனம் தகராறு செய்யலாம். நாங்கள் செய்த வரிசையிலேயே செய்து பாருங்கள். முதல் வேலை, மின்தொடர்பைத் துண்டிப்பது. பம்பின் கம்பியைச் சொருகியபடி தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

செடி ஒன்றைத் தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. பழுப்பாகி, வழவழத்து, நாறினால் அழுகல். அழுகியதை அப்புறப்படுத்தி, தட்டு, தொட்டி, உருண்டைகள் எல்லாவற்றையும் வெளுப்பு மருந்து சிறிது கலந்த நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். அழுகலை வைத்துக்கொண்டு புது நாற்றை நட்டால் பயனில்லை.

அடுத்தது நாடாச் சோதனை. பம்பு ஓடுமுன் தொட்டியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு நாடா ஒட்டுங்கள். தண்ணீர் ஏறி இறங்கி முடிந்தபின் பாருங்கள். நாடாவைத் தொடாமல் கீழேயே நின்றால், மிச்சத் தண்ணீர் மேலே தேங்கியிருக்கிறது. எங்கள் தொட்டியில் மூன்று விரற்கடை குறைந்தது. காரணம் இரண்டு. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகப் பால்கனித் தரை வெளிப்புறமாகச் சரிந்திருந்தது. தட்டின் குழாயோ உட்புறத்தில், மேட்டில் இருந்தது! தாழ்ந்த பக்கத்தில் ஓட்டுத் துண்டுகளை முட்டுக் கொடுத்து, குழாய்ப் பக்கம் தட்டைச் சரித்தோம். இரண்டாவது, பம்பின் வடிகட்டியில் வேரும் களிமண் துகளும் அடைத்திருந்தன. தண்ணீர் இறங்குவதும் அந்த வழியாகத்தான் என்பதை மறக்கக் கூடாது. அம்மா பழைய பல்துலக்கியால் அதைத் தேய்த்து எடுத்தார். முன்பு பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்த வடிகால், மூன்று நிமிடத்தில் முடிந்தது.

மாக்சீயின் துணியை நனைத்தது வழிவுக் குழாய். தட்டில் உயர்ந்து நிற்கும் அந்தக் குழாயில் உதிர்ந்த இலை ஒன்று அடைத்திருந்தது. அதன் வாயில் சிறு வலை மூடி போட்டோம். வழிவுக் குழாய் எப்போதும் ஏற்றும் குழாயைவிடப் பருமனாக இருக்க வேண்டும். அதன் உயரமும் முக்கியம். உருண்டைகளின் மேல்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும். மேலே வந்தால் தண்டு அழுகும், பாசி படரும்.

பிறகு டைமர். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை மூன்று மணிக்கு ஒருமுறை, கால் மணி நேரம். இரவில் ஓய்வு. மின்சாரம் தடைப்பட்டால் சில டைமர்களின் மணி பின்தங்கிவிடும். இடி மழைக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

சூட்டுக்கு என்ன செய்வது? தொட்டியை நிழலுக்கு நகர்த்தினோம். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால் கறுப்புத் துணியும், சூட்டைத் தடுக்க அதன்மேல் வெள்ளைத் துணியும் சுற்றினோம். மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக்கல் ஒன்றை உள்ளே இறக்கினோம். கடும் வெயில் நாளில் உறைய வைத்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை அம்மா மிதக்க விடுவார்.

உரத்தில் நாங்கள் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். வெப்பத்தில் செடி உரத்தைவிடத் தண்ணீரையே அதிகம் குடிக்கும். மிஞ்சிய நீரில் உரம் செறிந்துவிடும். ஆகவே தொட்டி குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிப் புது உரநீர் வையுங்கள். பிஎச் எனப்படும் புளிப்பு-கார அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்கட்டும். அது மிகுந்தால் உரத்தில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டாது. இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம்.

கொசுவை மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறந்து போக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டிக்கு இறுக்கமான மூடியும், திறந்த இடத்துக்கு நெருக்கமான வலையும் கட்டாயம். கீரை வளர்க்கப் போய் டெங்கியை வளர்க்கலாமா?

கடைசியாக, பயிர். மலையில் சலாட் இலை செழித்து நிற்பதைப் பார்த்து எனக்கும் ஆசைதான். அம்மா தலையசைத்துவிட்டார். "மலைப் பிள்ளையைக் கொண்டாந்து கீழே காய வைக்காதே" என்றார். கங்கோங்கும் பாயாமும் சாவியும் நம் வெப்பத்துக்குப் பழகியவை. அவற்றையே போட்டோம்.

ஒரு மாதம் கழிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் கங்கோங் அறுவடை. அம்மா இரண்டு கட்டாகக் கட்டினார். ஒன்று எங்கள் சட்டிக்கு, பிளாச்சான் போட்டு வதக்க. மற்றொன்றை எடுத்துக்கொண்டு அவரே படியிறங்கிக் கீழ்வீட்டு மாக்சீயிடம் போனார். போனவர் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. இறங்கிப் பார்த்தால், மாக்சீயின் பால்கனியில் இருவரும் நின்றுகொண்டு, அங்கே ஒரு தட்டு வைத்தால் தரை எந்தப் பக்கம் சரியும் என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசகர்களே, அடுத்த முறை கேமரன் மலைக்குப் போனால் அந்த நாற்றுத் தட்டுகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஏறும் தண்ணீரை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அது இறங்கி முடியும் வரை இருந்துவிட்டு வாருங்கள்.