கட்டமும் கடுதாசியும்

சென்ற நவம்பர்த் திங்களில் என் மூத்த மகளுக்கு 12 வயது நிறைந்தது. வேறு நாட்டிலே பன்னிரண்டாம் பிறந்த நாள் பலகாரத்தோடும் புத்தாடையோடும் கழிந்துவிடலாம். நம் மலேசியாவிலோ அந்நாள் ஒரு குழந்தை தன் பெயரால் தானே அடையாள அட்டை பெறும் நாள். ஆதலின் தோட்டத்து ஆபீசில் அரைநாள் விடுப்புச் சொல்லி, அவளைச் சிரம்பானிலுள்ள தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துச் செல்ல ஆயத்தமானேன். தகரப் பெட்டியைத் திறந்து அவளுடைய பிறப்புப் பத்திரத்தை எடுத்தபொழுது, அதில் பொறித்திருந்த பதிவுத் தேதி என்னைச் சற்று நேரம் நிற்க வைத்துவிட்டது. பிறந்த தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது நாள்! அந்த ஐம்பது நாளின் கதையைச் சொல்வது எனக்குப் பெருமையன்று. எனினும் சொல்வது பிறர்க்குப் பயன்படலாம்.

அவள் பிறந்தது 2013-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில். நள்ளிரவு கழிந்து என் மனைவிக்கு வலி கண்டது. செம்பனைக் காட்டின் நடுவே சேறாகிக் கிடந்த செம்மண் சாலையில் காரை மெல்ல உருட்டி, ரந்தாவ் வழியாகச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையை அடைந்தேன். பின்னிருக்கையில் என் தாய், மருமகளின் தலையை மடியில் தாங்கியவாறு ஒரு சொல்லும் பேசாது வந்தார். விடியற்காலை மலாய்த் தாதி ஒருத்தி வெளியே வந்து புன்முறுவலோடு, "அனாக் பெரம்புவான்" என்றாள். பெண் குழந்தை!

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத்து வாசகசாலையில் பெண்ணுரிமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவன் நான். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன் என்ற செருக்கும் உடையவன். ஆயினும் அந்த ஒரு சொல்லைக் கேட்டபொழுது என் முகம் வாடிற்று. தாதி அதைக் கண்டாளோ இல்லையோ, என் தாய் கண்டுகொண்டார். "குழந்தை அழுதிச்சான்னு கேளுடா முதல்லே" என்றார். மேடையில் பேசிய பேச்செல்லாம் அக்கணத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டதென்று இன்றும் என்னையே நான் கேட்டுக்கொள்வதுண்டு.

மறுநாளே நான் வேலைக்குத் திரும்பினேன். தகப்பனுக்குப் பேற்று விடுப்பு என்பது அந்நாளில் சட்டத்திலில்லை. தாய்க்கு 60 நாள் இருந்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் தாய்க்கு 98 நாளும் தகப்பனுக்கு 7 நாளும் என்று வேலைச் சட்டம் திருத்தப்பெற்றது. அன்று மாதக் கடைசி. செக்ரோல் முடியாமற் கிடந்தது. கணக்கை எழுதிக்கொண்டிருந்த என்னிடம் உடன் வேலை பார்த்த நண்பரொருவர் குழந்தை பிறந்த நேரத்தைக் கேட்டார், விரலை மடித்து ஏதோ எண்ணினார், பிறகு குரலைத் தாழ்த்தி, "மூலமாயிருக்குமே! பெண் மூலம் நிர்மூலம் என்பார்களே. சோதிடரைப் பார்க்காமல் பெயர் வைத்துவிடாதீர்" என்றார்.

பெண் என்றதும் வாடிய நெஞ்சத்தில் இந்த விதை விழுந்தால் முளைக்கக் கேட்பானேன்? சோதிடரிடம் சென்றேன். அவர் கட்டம் கணித்துத் தர இரண்டு வாரமாயிற்று. பின்னர், இன்ன எழுத்தில் தொடங்க வேண்டும், ஆங்கில எழுத்துக்களின் கூட்டுத்தொகை இன்ன எண்ணில் முடிய வேண்டும் என்றார். பொருந்திய பெயர் வாயில் நுழையவில்லை. வாயில் நுழைந்த பெயர் எண்ணில் பொருந்தவில்லை. மருத்துவமனை கொடுத்த பிறப்பு உறுதிச் சீட்டோ என் மேசை இழுப்பறையில் உறங்கிற்று. 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டுமென்று ஊராருக்கெல்லாம் எடுத்துச் சொல்லி, அவர்கள் பாரங்களையும் எழுதிக் கொடுக்கும் கிராணி, தன் குழந்தையின் பாரத்தை வெறுமையாக வைத்துக்கொண்டிருந்தான்!

நாற்பத்தெட்டாம் நாள் இரவு என் தாய் இதைக் கேள்வியுற்றார். அவர் எழுத்தறியாதவர்; விளக்கு வைக்காமல் ஒரு வெள்ளிக்கிழமையைக் கழிக்காதவர். தாமதத்துக்குச் சோதிடரைக் காரணம் காட்டினால் அவர் மகிழ்வார் என்றே எண்ணினேன். நேர்ந்தது வேறு.

அவருடைய கோபத்தை அறிய வேண்டுமானால் அவருடைய பிறப்பை அறிய வேண்டும். கம்யூனிஸ்டுக் கலகத்தையொட்டி 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 12 வயது நிறைந்தோர் அனைவருக்கும் அடையாள அட்டை என்ற ஏற்பாடு வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் தொடங்கவே, சிதறியிருந்த தோட்ட லயங்களும் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. "கம்பி வேலி போட்ட மறு வருஷம்" என்பதே என் தாயின் பிறப்புக் கணக்கு. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தார். ஊரடங்குக் காலத்தில் அதைப் போய்ப் பதிய எவருக்கும் தோன்றவில்லை. பிற்காலத்தில் அட்டை எடுக்கும்பொழுது தோட்டத்துக் கிராணியொருவர் ஆள் உயரத்தைப் பார்த்து வயதை எழுதினாராம்!

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு முன் பிறந்தோர் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்துக்கு இங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டியிருந்தது. சான்றில்லாத என் தாய்க்குக் கிடைத்தது சிவப்பு அட்டை. 1969-இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற சட்டம் நடப்புக்கு வந்தபொழுது, தோட்டங்களில் பிழைத்த பல்லாயிரவர் கப்பலேறித் தமிழ்நாடு சென்றனர். என் தாயின் தமக்கை குடும்பமும் அவ்வாறே சென்றது. அக்காளும் தங்கையும் மீண்டும் சந்திக்கவேயில்லை.

இத்தனையையும் சுமந்த அம்மூதாட்டி அன்றிரவு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, கட்டம் இல்லாமே அறுபது வருஷம் பொழச்சிட்டேன். கடுதாசி இல்லாமே ஒரு நாளும் நிமிர்ந்து நடந்ததில்லை. பேரு என்ன பேரு? கூப்பிட்டா புள்ளை திரும்பிப் பார்த்தாப் போதும். விடிஞ்சதும் போய் எழுதிட்டு வா."

மறுநாட் காலை, என் மனைவி முதல் நாளிலேயே விரும்பிய நல்ல தமிழ்ப் பெயரை எழுதிப் பதிந்து வந்தேன். படித்தவனுக்குப் படியாதவர் பகுத்தறிவு புகட்டிய நாள் அது. அப்பெயரோடுதான் என் மகள் வளர்ந்தாள். குடும்பம் நிர்மூலமாகவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அடையாளமின்றித் தவிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் நாம் சர்க்காரை மட்டுமே நோகிறோம். நோக வேண்டியதும் உண்டு, மறுக்கவில்லை. 2011-இல் நடந்த மைடஃப்தார் போன்ற பதிவு இயக்கங்கள் எத்தனையோ குடும்பங்களின் குறையை வெளிக்கொண்டு வந்தன. ஆனால் நம் கைப்பிழையும் சிறிதன்று. கோயிலில் தாலி கட்டியதோடு திருமணம் முடிந்ததென்று இருப்போர் இன்னும் இருக்கின்றனர். 1982 மார்ச்சு முதல் நாளிலிருந்து நம் திருமணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாத திருமணத்திற் பிறந்த குழந்தை சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையையே சாரும். தாய்க்கும் பத்திரமில்லையென்றால் அக்குழந்தை எந்த நாட்டுப் பிள்ளை? மூன்று நாளில் வாடும் மாலைக்குச் செலவிடும் அக்கறையில் பத்திலொரு பங்கு இதற்குச் செலவிடலாகாதா?

என் தாய் 2016-இல் காலமானார், சிவப்பு அட்டையோடே. 60 வயது கடந்த சிவப்பு அட்டைக்காரரான இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படுமென்ற அறிவிப்பு 2018-இல்தான் வந்தது. அவர் ஒரு தேர்தலிலும் வாக்களித்தவரல்லர். 2013 மே 5-ஆம் நாள் நாங்கள் வாக்களிக்கச் சென்றபொழுது, பள்ளிக்கூட வாயிலில் நின்று, வரிசையிலிருந்த தாய்மாரின் கைக்குழந்தைகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டு வேலைதான் அவருக்குக் கிடைத்தது.

சிரம்பானுக்கு வருவோம். எங்கள் முறை வந்ததும் என் மகள் முகப்பில் அமர்ந்தாள். அலுவலர் சொற்படி இடப்பெருவிரலையும் வலப்பெருவிரலையும் சிறு கண்ணாடியின்மேல் பதித்தாள். எனக்கு நினைவு வந்தது, பால் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன என் தாயின் பெருவிரல். சம்பளப் புத்தகத்தில் நீல மையில் அவர் வைத்த கைநாட்டுக்கு ரேகையே சரியாக விழாது. வெளியே வரும்பொழுது இதை மகளிடம் சொன்னேன். அவள் சிறிது யோசித்து, "அப்பா, அப்படின்னா பாட்டியோட பிறந்த நாள் என்னைக்கு?" என்று கேட்டாள்.

"அதை யாரும் எழுதி வைக்கலியே, அம்மா" என்றேன்.

இந்த விடையை இனி எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்குச் சொல்ல நேரிடலாகாது. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் கட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடுதாசியை முதலில் வாங்குங்கள்.