துடைப்பம் பிடித்த 'தொண்டர்கள்'

மும்பையில் தெருவைப் பற்றிப் புகார் சொல்ல நான்கே இலக்கங்கள் போதும்: 1916. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் மழைநீரில் மூழ்கினாலும் சரி, செம்பூரில் குப்பை லாரி இரண்டு நாளாக வராவிட்டாலும் சரி, மாநகராட்சி ஒரு புகார் எண் தரும். பிறகு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் வரும் - சில சமயம் நடவடிக்கைக்கு முன்பாகவே. படித்த நடுத்தர வர்க்கத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து தெருவாசிகள் ஏ.எல்.எம். என்ற குழு அமைத்து, வார்டு அதிகாரிகளோடு நேரில் உட்கார்ந்து குப்பை, நடைபாதை, சாக்கடை என்று வரிசையாகப் பேச முடிகிறது.

தாராவியில் கதை வேறு. தொண்ணூறு அடி சாலை மாதிரியான பெரிய சாலைகளோடு மாநகராட்சியின் துடைப்பம் நின்றுவிடும். உள்ளே, எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளுக்கு 2000களின் தொடக்கத்தில் 'தத்தக் வஸ்தி யோஜனா' என்ற திட்டம் வந்தது. தத்தெடுக்கப்பட்ட குடியிருப்பு என்று பொருள். உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு மாநகராட்சி பணம் தரும். அந்த அமைப்பு ஆள் வைத்துப் பெருக்கும். பெருக்குகிறவர் தொழிலாளி அல்ல, 'ஸ்வயம்சேவக்'. தமிழில் தன்னார்வலர், இல்லை தொண்டர். அவர் வாங்குவது சம்பளம் அல்ல, 'மான்தன்'. நம் அரசாணைகளில் இதற்கு மதிப்பூதியம் என்று பெயர். விடியற்காலையில் அடுத்தவர் வீட்டுக் கழிவை வெறுங்கையால் அள்ளுவதற்கு எவருக்கு ஆர்வம் தானாக ஊறும் என்று அரசாணை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சொற்கள் சேரிகளோடு நிற்கவில்லை. பெரிய சாலைகளில் லாரியோடு ஓடிக் குப்பை ஏற்றியவர்களுக்கும் இதே பட்டம்தான். 'ஹைதராபாத் பேட்டர்ன்' என்ற ஏற்பாட்டில், ஒவ்வொரு ஒப்பந்தமும் 18 பேருக்கு என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஏன் 18? இருபது பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் 1970ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அன்று செல்லுபடியாகும். எதிர்ப்பக்கம் ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆட்கள் மட்டும் மாறவில்லை. அதே தெரு, அதே லாரி, அதே மாநகராட்சி மேற்பார்வையாளர். பெரும்பாலோர் தலித்துகள்.

யாரிடம் போய்ப் பேரம் பேசுவது? ஒப்பந்தக்காரரைக் கேட்டால் மாநகராட்சியைக் கை காட்டுவார். மாநகராட்சியோ, இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று சொல்லிவிடும். இந்த இடைவெளியில்தான் 1997இல் 'கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்' என்ற குப்பை அள்ளும் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மிலிந்த் ரானடே அதன் முன்னணித் தலைவர். கூலி உயர்வு, கையுறை, குடிதண்ணீர் என்று கேட்பதற்கு முன்னால், தொழிலாளி என்ற பெயரையே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 2,700 பேரின் வழக்கு தொழிற்தீர்ப்பாயத்துக்குப் போனது. ஒப்பந்தம் வெறும் போர்வை, இவர்கள் மாநகராட்சியின் தொழிலாளர்களே என்று 2014இல் தீர்ப்பு. மாநகராட்சி மேல்முறையீடு செய்தது. 2016 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றமும், 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தன. அதற்குள் சிலர் உயிரோடு இல்லை.

உயிரோடு இருந்தவர்களுக்கும் உடனே விடியவில்லை. வழக்குப் பட்டியலில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று. எழுத்து பொருந்தவில்லை என்று பலர் காத்திருக்க வேண்டி வந்தது. மகாராஷ்டிரத்துப் படிவங்களில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். திருநெல்வேலியிலிருந்து போனவர்களுக்கு மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது. எழுதுகிற குமாஸ்தா தனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்புவார். பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று என்று ஆளுக்கு மூன்று பெயரோடு வாழ்வது மும்பைத் தமிழர்களுக்குப் பழகிப்போன சங்கதி. வேலை அந்த எழுத்தில் தொங்கும்போது சிரிக்க முடிவதில்லை.

இதை மும்பையின் தனிக்குணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். தங்கள் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது, பணி நிரந்தரம் வேண்டும் என்பது கோரிக்கை. சுய உதவிக் குழு வழியாக வேலைக்கு வந்தவர்கள் என்பதுதான் அவர்களுடைய அடையாளம். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் அந்த மண்டலத் தெருக்களில் குப்பை குவிந்தது. குவிந்த குப்பைக்குப் புகார் எண் கிடைத்திருக்கும்.

மும்பையில் ஒவ்வொரு தீபாவளிக்கும் மாநகராட்சிக்கும் நிரந்தர ஊழியர் சங்கங்களுக்கும் நடக்கும் போனஸ் பேரம் ஊரறிந்தது. 2025இல் 31,000 ரூபாய்க்கு முடிந்தது. வீடு வீடாகப் போய் தடுப்பூசிக் கணக்கும் காய்ச்சல் கணக்கும் எடுக்கும் சமுதாய சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு - எல்லோரும் பெண்கள் - அதே வருடம் 14,000 ரூபாய். அது போனஸ் பட்டியலில் வராது. 'பாவுபீஜ்' என்று தலைப்புப் போட்டுத் தருகிறார்கள். தீபாவளியை ஒட்டி அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் அன்பளிப்பின் பெயர் அது.