சத்திரத்தானின் ஊழியம்



நல்ல சமாரியனைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த உவமையில் நாம் அதிகம் பேசாத ஒருவன் உண்டு. அவன் சத்திரத்தான். சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுவந்து சேர்த்தான். மறுநாளில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். அதற்குப்பின் புண்ணைக் கழுவி, ஆகாரம் கொடுத்து, அழுக்கான துணியை மாற்றவேண்டியவன் சத்திரத்தான் அல்லவா? இந்த வாரம் லூக்கா 10-ஆம் அதிகாரத்தை அவன் பக்கத்தில் நின்று வாசித்துப் பாருங்கள்.

இந்தச் சிந்தனையை எனக்குள் எழுப்பியது நம் ஊரின் சாலைதான். ஜி.எஸ்.டி. சாலையும் ஒரகடம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் நாம் வாழ்கிறோம். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் இரவு பகல் ஓய்வதில்லை. இரவு ஷிப்ட் முடித்து வரும் நம் சபை வாலிபர்கள், வழியில் அடிபட்டுக் கிடக்கும் நாயையும் கன்றுக்குட்டியையும் பற்றி என்னிடம் சொல்வதுண்டு. இரக்கப்பட்டு அவற்றைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உங்களில் இருக்கிறார்கள். தேவன் அந்த இரக்கத்தைக் காண்கிறார். ஆனால் அப்படிக் கொண்டுபோய் விட்ட இடத்தில், மறுநாள் காலையில் என்ன நடக்கிறது?

1959-ஆம் ஆண்டில், மழைவெள்ளம் சூழ்ந்த சென்னை தியாகராய நகரில், விமானி கேப்டன் வி. சுந்தரம் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைக் கண்டு வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அந்த வீட்டில் தொடங்கியதே புளூ கிராஸ் அமைப்பு. இன்று அதற்குச் சென்னை கிண்டியிலும், நமக்கு அண்டையிலுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்னம் கிராமத்திலும் காப்பகங்கள் உண்டு. குட்டிகளைத் தண்ணீரிலிருந்து தூக்கியது சில நிமிடங்களின் செயல். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருவது சத்திரத்தானின் வேலை.

அந்த வேலையில் புகழ்ச்சி ஏதுமில்லை. எந்தக் காப்பகத்திலும் காலை என்பது கூண்டுகளைக் கழுவுவதில்தான் தொடங்கும். பின்பு சோறு வடித்து, ஆறவைத்து, பங்கிட்டு வைக்கவேண்டும். புழு வைத்த புண்ணிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். முதுகெலும்பு முறிந்த நாய் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. ஒருவர் நாள்தோறும் பலமுறை அதன் வயிற்றை மெல்ல அழுத்திவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றும் பண்டிகை என்றும் இதற்கு விடுமுறை கிடையாது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் நீங்கள் அறியவேண்டும். நலமாயிருக்கும் நாய்க்குட்டிகளைப் பெட்டியில் வைத்துக் காப்பகத்தின் வாசலில் விட்டுச்செல்வோர் உண்டு. தடுப்பூசி போடாத குட்டிகளுக்குப் பார்வோ என்னும் கொடிய தொற்று எளிதில் வரும். நோயுற்றவை கூடும் இடத்தில் அது வேகமாகப் பரவும். தாயைப் பிரிந்த குட்டிகள் சில நாட்களிலேயே மடிந்துபோகலாம். விட்டுச்சென்றவர் ஒரு நன்மை செய்ததாக எண்ணி நிம்மதியாயிருப்பார். அவற்றை எடுத்துப் புதைப்பவர் அங்குள்ள ஊழியர். அப்படியே, வேலை மாறி அறையைக் காலி செய்யும்போது, தாங்கள் சோறிட்டு வளர்த்த நாயைப் பூட்டிய கதவின்முன் விட்டுப்போகிறவர்களும் நம் பகுதியில் உண்டு.

"ஐயா, எங்கள் பிள்ளைகளை நாய் கடிக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடிபட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடுங்கள். வெறிநோய் முற்றினபின் பிழைப்பது மிக அரிது. ஆனால் அந்தப் பயத்தைக் குறைப்பதும் காப்பகத்தின் வேலைதான். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போடும் வழியைப் புளூ கிராஸ் 1964-லேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல். நாடு முழுவதற்குமான விதிகள் வந்தது 2001-இல். காது நுனியில் சிறு வெட்டு உள்ள நாயைக் கண்டால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அறியுங்கள். மிருகத்துக்குச் செய்யும் அந்தப் பணி உங்கள் பிள்ளையையும் காக்கிறது.

வேதமும் இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவதில்லை. நினிவேக்காகப் பரிதபிக்கிற தேவன், அங்குள்ள மனிதரோடு மிருகஜீவன்களையும் கணக்கில் சேர்க்கிறார் (யோனா 4:11). சமாரியன் காயப்பட்டவனை ஏற்றிய "சுயவாகனம்" என்பது கிரேக்க மூலத்தில் ஒரு மிருகத்தைக் குறிக்கும் சொல். அடிபட்ட மனிதனைச் சத்திரத்திற்குச் சுமந்து வந்தது ஒரு மிருகமே.

பிரியமானவர்களே, சமாரியன் விட்டுவிட்டு ஓடிப்போகவில்லை. செலவுக்குக் கொடுத்தான், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்களித்தான். அவனுடைய இரக்கத்தின் அளவு அந்த வாக்கில் தெரிகிறது. ஆகையால் அடிபட்ட மாட்டையோ கன்றையோ கண்டால் 1962 என்ற எண்ணை அழையுங்கள். நாயைக் காப்பகத்தில் சேர்த்தால், அடுத்த வாரம் ஒரு மூட்டை அரிசியோடும் பழைய போர்வைகளோடும் திரும்பிச் செல்லுங்கள். அது குணமடைந்தால் வீட்டிற்கு அழைத்துவர முடியுமா என்று குடும்பமாக ஆலோசியுங்கள். அறையைக் காலி செய்யுமுன் உங்களை நம்பியிருக்கும் ஜீவனுக்கு ஒரு வழி செய்யுங்கள்.

கூண்டுகளைக் கழுவுகிற கைகளுக்காகவும் இந்த வாரம் ஜெபியுங்கள். அந்த ஊழியத்தைக் காண்கிறவர்கள் சிலரே. கர்த்தர் அதைக் காண்கிறார். ஆமென்.